எல்டோய் துறையில் யாரும் இல்லை

வடக்குக் கடலோரத் தீவுகளுக்கு ஓடும் எங்கள் படகுக் கம்பெனியில் தூர்டிஸ் ஆறு வருஷம் வேலை பார்த்தாள். அத்தனை வருஷமும் அவளுக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தவன் நான். என் பெயர் சேவரின். காலைப் படகில் ஏறுகிறவர்களைப் பட்டியல் போடுவதும் படகு ஊழியர்களுக்குத் தடம் பிரிப்பதும் என் வேலை, எங்கள் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அவளைப் பற்றி யார் கேட்டாலும் பிடிவாதக்காரி, சிடுமூஞ்சி என்றுதான் முதலில் சொல்வார்கள். நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். அந்த நவம்பருக்குப் பிறகு சொல்வதில்லை.

அவள் நல்ல உயரம், ஒல்லி. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று தன் முடியைத் தானே வெட்டிக்கொள்வாள், அது தெரியவும் தெரியும். முன்பு அச்சகத்தில் படகு அட்டவணைப் புத்தகத்துக்கு அச்சுக் கோத்துக்கொண்டிருந்தாள். இணையம் வந்ததும் மாலை வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டு எங்களிடம் சேர்ந்தாள். வந்த முதல் வாரமே ஒரு தடித்த கட்டைக் கொண்டுவந்து மேஜையில் போட்டாள். இணையப் பக்கம் எழுதுவதற்கான விதிகள். உலாவி, அதாவது பிரௌசர், செய்கிறவர்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து ஒத்துக்கொண்டவை. அதன்படி எழுதினால் எந்த உலாவியில் திறந்தாலும் பக்கம் திறக்கும் என்பாள்.

ஆனால் அந்தக் காலத்தில் கணினி வாங்கும்போதே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும் உலாவி ஒன்று இருந்தது. ஊரே அதைத்தான் வைத்திருந்தது. அதற்கு மட்டும் புரிகிற கொச்சை ஒன்றும் உண்டு. அந்தக் கொச்சையில் எழுதினால் வேலை சீக்கிரம் முடியும், திரையில் வித்தையும் காட்டலாம். ஊரில் பாதி இணையதளங்கள் அப்படித்தான் எழுதப்பட்டன. தூர்டிஸ் மட்டும் ஒவ்வொரு பக்கத்தையும் ஏழு உலாவிகளில் திறந்து பார்ப்பாள். படமே காட்டாத, வெறும் எழுத்து மட்டும் காட்டுகிற பழைய உலாவியிலும் பார்ப்பாள்.

"ஒத்த ஆளு வர்றதுக்கு ஏழு கதவு வைக்கறவ இவ ஒருத்திதான்" என்று எங்கள் மேலாளர் அஸ்பியோர்ன் கிண்டல் செய்வார்.

"அந்த ஒத்த ஆளு நீயா இருந்தா வாயை மூடிக்கிட்டு உள்ள வருவ" என்பாள்.

அவளுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. யார் எங்கள் பக்கத்தைத் திறந்தாலும், இணையதளம் இருக்கிற சர்வர் கணினி அதை ஒரு வரியாக எழுதி வைக்கும். எந்த நேரம், எந்தப் பக்கம், எந்த உலாவி, அவ்வளவுதான். பெயர் இருக்காது. அந்த வரிகளைத் தாளில் அச்செடுத்து வைத்துக்கொண்டு, மதியம் பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியைத் தின்றபடி படிப்பாள். நாங்கள் செய்தித்தாள் படிப்போம், அவள் அதைப் படிப்பாள். சில வரிகளைப் பார்த்துச் சிரித்துக்கொள்வாள். எனக்கு அது கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். முகமே இல்லாதவர்களோடு என்ன சிரிப்பு என்று தோன்றும்.

எங்கள் காலைப் படகு முப்பத்திரண்டு படகுத்துறைகளைத் தொட்டுப் போகிறது. அதில் இருபத்தொரு துறைகளில் கூப்பிட்டால் மட்டும்தான் நிற்கும். முன்பெல்லாம் அந்தத் துறைகளில் ஒரு விளக்கு இருந்தது. ஏற வேண்டியவர் சுவிட்சைப் போட்டால் எரியும், கேப்டன் பார்த்துவிட்டுப் படகை ஒதுக்குவார். 2003 இலையுதிர் காலத்தில் அந்த விளக்குகளையெல்லாம் கழற்றிவிட்டோம். பராமரிக்க ஆள் இல்லை என்று காரணம் சொன்னோம். இனிமேல் முந்தின நாள் மாலைக்குள் போனிலோ இணையதளத்திலோ சொல்லிவிட வேண்டும். வந்ததை நான் காலை ஆறு மணிக்குப் பட்டியலாக்கிப் படகுக்கு அனுப்புவேன். பெயர் இல்லாத துறைக்கு நேரே பூஜ்யம் போடுவேன்.

அதற்காகப் புது இணையதளம் வேண்டும் என்று அஸ்பியோர்ன் ஒரு விளம்பரக் கம்பெனியிடம் கொடுத்தார். அவர்கள் கடல் வரைபடம் ஒன்று செய்து தந்தார்கள். அதில் படகுகள் நீந்தும், துறையின் மேல் மௌஸை வைத்தால் அது மினுங்கும். முழுக்க முழுக்க அந்தக் கொச்சை. தூர்டிஸ் தன் மற்ற ஆறு உலாவிகளில் திறந்தபோது வரைபடமும் இல்லை, பட்டனும் இல்லை, சாம்பல் நிறத்தில் வெறும் திரை.

"நூத்துக்குத் தொண்ணூத்தேழு பேர் ஒரே உலாவிதான் வெச்சிருக்கான்" என்றார் அஸ்பியோர்ன். "மிச்ச மூணு பேரு கம்ப்யூட்டர் பைத்தியம். அவனுங்களுக்குப் படகு எதுக்கு? வீட்ட விட்டே வெளிய வர மாட்டானுங்க."

"அந்த மூணு பேர் யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதான் சொல்றேன்."

"தெரியாதவங்கள எப்படிப் பைத்தியம்ங்கற?"

"அம்மா தாயே, திங்கட்கிழமை திறக்கணும். ரெண்டு நாள் தர்றேன். உன் ஆசைக்கு எதையாவது திருத்திக்கோ, வரைபடத்த மட்டும் தொடாத."

அந்த இரண்டு நாளில் அவளால் பாதிதான் முடிந்தது. பக்கத்தின் எலும்புக்கூட்டை விதிப்படி எழுதினாள். துறைகளின் பெயர்களும் ஆர்டர் பட்டனும் எல்லா உலாவியிலும் தெரியும்படி செய்தாள். பட்டனை அமுக்கியதும் வருகிற "நன்றி, உங்கள் படகு வரும்" என்ற பக்கத்தையும் அப்படியே எழுதினாள். ஆர்டரை எங்களுக்கு அனுப்புகிற பகுதி மட்டும் வரைபடத்தோடு பின்னிக் கிடந்தது. அதைப் பிரிக்க இன்னும் ஒரு வாரம் வேண்டும். பிறகு செய்யலாம் என்று விட்டாள். சாம்பல் திரையைக் காட்டுவதற்குப் பதில் பாதிக் கதவாவது திறந்திருக்கட்டும் என்றுதான் நினைத்தாள். அந்தப் பிறகு வருவதற்குள் அவளை டிக்கெட் இயந்திரம் மாற்றுகிற வேலைக்குத் தூக்கிப் போட்டார்கள்.

அக்டோபர் கடைசியில் அஸ்பியோர்ன் கேக்கோடு வந்தார். எங்கள் அலுவலகத்தில் எதற்கெடுத்தாலும் கேக் உண்டு, ஒருவருக்குச் சளி சரியானால்கூட உண்டு. இந்தக் கேக்கின் மேல் மார்சிப்பான் என்ற வெள்ளைப் பாதாம் மாவில் நூறு என்று எழுதியிருந்தது. புது இணையதளத்தில் வருகிறவர்களை எண்ணுகிற பெட்டி ஒன்று இருந்தது. முதல் இரண்டு வாரத்தில் வந்தவர்களில் நூற்றுக்கு நூறு பேரும் அந்த ஒரே உலாவியில்தான் வந்தார்கள் என்று அது சொன்னது.

"உன் மூணு பேரும் காலி" என்று கேக்கில் ஒரு துண்டை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "நூறு எப்பவும் வராது, அஸ்பியோர்ன். நூறு வந்தா எண்றவனுக்குக் கண்ணு போயிடுச்சுன்னு அர்த்தம். அந்த எண்ற பெட்டியும் அதே கொச்சையிலதான எழுதியிருக்கு? மத்தவங்க வந்தாலும் அதுக்குத் தெரியாது."

"சரி சரி, கேக்கு சாப்பிடு."

அவள் அன்றே சர்வர் வைத்திருக்கும் ஆட்களுக்கு எழுதி, பழைய மாதிரி வருகை வரிகளை அனுப்பச் சொன்னாள். புது ஏற்பாட்டில் அது எங்கள் கைக்கு நேரே வராது. பத்து நாள் ஆகும் என்றார்கள். நான் அவளுடைய கேக்கையும் சேர்த்துத் தின்றேன்.

நவம்பர் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்குப் படகிலிருந்து போன் வந்தது. கேப்டன் ஹால்வர். முப்பது வருஷமாக அதே வழியில் ஓட்டுகிறவர், தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேச மாட்டார். வெளியே கும்மிருட்டு. எங்கள் பக்கம் அந்த மாதத்தில் ஒன்பது மணிக்குத்தான் விடியும்.

"எல்டோய்ல யாராச்சும் ஏறணுமா?"

பட்டியலைப் பார்த்தேன். "எல்டோய் பூஜ்யம். ஏன்?"

"துறையில ஒரு ஆளு நின்ன மாதிரி இருந்துச்சு. கை காட்டல. சும்மா நின்னுச்சு. நாங்க தாண்டினதுக்கு அப்பறம் கைய தூக்குச்சு. யோருன் பதிலுக்குக் கையாட்டினா."

யோருன் அவரோடு போகிறவள், துறைகளில் கயிறு வீசுபவள். நான் சிரித்தேன். "யாராச்சும் ஆடு பாக்க வந்திருப்பான்."

"இருக்கும்" என்று வைத்துவிட்டார்.

எல்டோய் சின்னத் தீவு, அதில் ஒரே ஒரு வீடு. அந்த வீட்டில் இருந்த அமுன்ட் மூன்று வருஷத்துக்கு முன்பு அதே துறையிலிருந்து தண்ணீரில் விழுந்து போனவர். உடல் கிடைக்கவேயில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் விளக்கு எரிந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

புதன்கிழமை ஹால்வர் போன் செய்யவில்லை. வியாழக்கிழமை செய்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"எல்டோய்?"

"பூஜ்யம், ஹால்வர்."

"நல்லா பாரு."

"நல்லாத்தான் பாக்கறேன். பூஜ்யம்."

"நேத்தும் நின்னுச்சு. இன்னிக்கும் நிக்குது. மஞ்சக் கோட்டு, தலையில தொப்பி மடிச்சு விட்டிருக்கு. அமுன்ட் அப்படித்தான் ஒரு பக்கமா சாஞ்சு நிப்பான்." பின்னால் எஞ்சின் இரைந்தது. "கத்தவும் இல்ல, கூப்பிடவும் இல்ல. தாண்டிப் போனதும் ரெண்டு கையையும் தூக்குது. வாய் மட்டும் தொறந்திருக்கு, சத்தம் வரல."

பட்டியலில் இன்னொரு தடவை விரல் ஓட்டினேன். பிறகு நான் சொன்னது இதுதான்: "பட்டியல்ல இல்லாதவனுக்கு நிக்கக் கூடாதுன்னு புது உத்தரவு இருக்கு. லேட்டானா என்னைத்தான் கேப்பாங்க."

"சரி" என்றார் அவர். அந்தச் சரியில் அவருக்கு நிம்மதி இருந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. நிற்காமல் போவதற்கு அவருக்கு ஒரு காகிதம் தேவைப்பட்டது, நான் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் யோருன் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். கழுத்து வரை பச்சை குத்தியவள். புயலில் தளத்தில் நின்று சிகரெட் பிடிக்கிறவள். அன்றைக்கு வாஃபிள் ரொட்டி சுடும் நாள், எல்லாரும் சமையலறையில் இருந்தார்கள். அவள் எதையும் தொடாமல் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"எனக்கு வேற வழித்தடம் போட்டுக் குடு, சேவரின்."

"ஏன்டி, என்ன ஆச்சு?"

"இன்னிக்கு அது கையில விளக்கு வெச்சிருந்துச்சு. மொத நாளு நான் கையாட்டிட்டேன்ல? கடல்ல போனவனுக்குப் பதில் சொல்லக் கூடாது. சொன்னா நம்மளத்தான் தேடிக்கிட்டு நிப்பான். என்னைத்தான் தேடுது."

"இந்தக் காலத்துல போய்…"

"நீ வந்து நில்லு அந்தத் தளத்துல. அப்பறம் காலத்தப் பத்திப் பேசு."

தூர்டிஸ் டிக்கெட் இயந்திர வேலையாக வெளியூர் போயிருந்தாள், இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. நானும் யாரிடமும் சொல்லவில்லை. பேயைப் பற்றி அலுவலகத்தில் பேசி என்னைப் பைத்தியம் என்று சொல்லவைக்க எனக்கு விருப்பமில்லை. யோருனுக்குத் திங்கள் முதல் வேறு தடம் போட்டுக் கொடுத்தேன். என்னால் முடிந்த உதவி அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஹால்வர் யோருன் இல்லாமல், வேறு ஒரு ஆளோடு போனார். அன்றும் நின்றது. இந்த முறை கடலைப் பார்த்து நிற்கவில்லையாம். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, படகு எந்தப் பக்கம் வருகிறது என்றே தெரியாததுபோல் விளக்கை இங்கும் அங்கும் ஆட்டிக்கொண்டிருந்ததாம். அவர் போனில் இதைச் சொன்னபோது நான் பட்டியலைப் பார்க்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது, பூஜ்யம்.

அன்று மதியம் தூர்டிஸ் திரும்பி வந்திருந்தாள். சர்வர்காரர்கள் அனுப்பிய வரிகளும் வந்திருந்தன. தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு ரொட்டியைக் கடித்தாள். மூன்றாவது தாளில் மெல்லுவதை நிறுத்தினாள்.

"சேவரின், எல்டோய்ல யாரு இருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரும் இல்ல. எதுக்கு நீயும் அதையே கேக்கற?"

அவள் நான் கேட்டதைக் கவனிக்கவில்லை. பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனாள். "போன திங்கட்கிழமை சாயங்காலம் ஏழு பத்துக்கு ஒருத்தர் எல்டோய் பக்கத்தத் திறக்கறார். சின்ன உலாவி, ஒஸ்லோ பசங்க செஞ்சது, போன் லைன் மெதுவா இருக்கறவங்க வெச்சிருப்பாங்க. பட்டன அமுக்கறார். நன்றிப் பக்கம் போகுது. ஆனா ஆர்டர் நமக்கு வரல. செவ்வாக்கிழமை அதே மாதிரி. புதன் ரெண்டு தடவை. வியாழன் மூணு. வெள்ளி ஆறு."

"அப்பறம்?"

"நேத்து ஞாயித்துக்கிழமை. நாப்பது தடவை."

தாளை என் பக்கம் திருப்பினாள். "நேரத்தப் பாரு. மொதல்ல ஒரு அமுக்கலுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல நாலு செகண்டு. அப்பறம் ஒரு நிமிஷம். அப்பறம் ஒம்போது நிமிஷம். கடைசியில பதினேழு. நடுநடுவுல வேற வேற துறையோட பக்கமெல்லாம் திறக்குது. யாரோ பட்டனத் தடவித் தடவித் தேடறாங்க, சேவரின். திரை அவங்களுக்குத் தெரியல."

நான் ஹால்வரைப் பற்றிச் சொன்னேன். மஞ்சள் கோட்டு, தூக்கிய கைகள், சத்தம் வராத வாய், எல்லாம் சொன்னேன். பூஜ்யம் என்று நான் சொன்னதையும் சொன்னேன். தூர்டிஸ் பென்சிலைக் கீழே வைத்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அமுன்டுக்குப் பிள்ளைங்க உண்டா?" என்று மட்டும் கேட்டாள்.

உண்டு. ஒரே மகன், எய்லர்ட். சின்ன வயதிலேயே காது போனவன். பெர்கன் நகரத்தில் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஹால்வரின் படகு அப்போது எங்கள் துறையில்தான் கட்டிக் கிடந்தது. தூர்டிஸ் கோட்டைக்கூட மாட்டாமல் ஓடினாள், நான் அவள் கோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கயிறு அவிழ்க்க வந்தவள் யோருன், அவளுடைய புதுத் தடத்துப் படகும் பக்கத்தில்தான் நின்றிருந்தது. எங்கே போகிறோம் என்று கேட்டதும் அவள் கை அப்படியே நின்றது. பிறகு அவிழ்த்துவிட்டுத் தானும் எங்களோடு ஏறிக்கொண்டாள். நாற்பது நிமிஷம் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

எல்டோயை நெருங்கும்போது மூன்றரை மணி, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, தண்ணீர் மேல் மூட்டம். துறையின் நுனியில் மஞ்சள் கோட்டு நின்றது. ஹால்வர் விளக்கை அதன் மேல் போட்டார். அது அசையவில்லை. முகம் எங்களுக்குப் பக்கவாட்டில் இருந்தது. சங்கு ஊதினார், அதற்கும் திரும்பவில்லை. உண்மை எல்லாம் தெரிந்த பிறகும், திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது.

படகு உரசியதும் பலகை அதிர்ந்தது. அந்த அதிர்வில்தான் அது திரும்பியது. யோருன் முதலில் குதித்தாள். போய் அதன் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடவில்லை.

"சூடா இருக்கு" என்று எங்களைப் பார்த்துக் கத்தினாள். "கை சூடா இருக்கு!"

எய்லர்டின் கழுத்தில் பிளாஸ்டிக் உறையில் ஒரு காகிதம் தொங்கியது. பெர்கன் கண் மருத்துவமனை மின்னஞ்சலில் அனுப்பிய கடிதம். உடனே வரவும், ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம் என்று இருந்தது. அவனுக்கு ஒரு கண்ணில் சின்ன வயதிலேயே தூண்டில் முள் பட்டுப் பார்வை இல்லை. மற்றக் கண்ணின் விழித்திரை முந்தின வார ஞாயிற்றுக்கிழமை கிழிந்து கழல ஆரம்பித்திருக்கிறது. ஓரத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை இறங்கி வருவதுபோல் இருந்ததாம். அந்தக் கண்ணோடு அவனால் தன் சொந்தப் படகை ஓட்ட முடியாது. செப்டம்பரில்தான் அப்பாவின் வீட்டுக்குக் குடிவந்திருந்தான், நண்பனின் படகில் சாமான் ஏற்றி. தீவில் செல்போன் எடுக்காது. போனில் பேச அவனால் முடியாது. இணையதளம்தான் அவனுக்கு வாய்.

எங்கள் கம்பெனி முகவரிக்கு இரண்டு மின்னஞ்சல்கூட அனுப்பியிருக்கிறான். அதற்குத் தானாகப் போகிற பதில் ஒன்று உண்டு. இந்த முகவரிக்கு வரும் கடிதங்கள் படிக்கப்படுவதில்லை, இணையதளத்தில் ஆர்டர் செய்யவும். அந்தப் பதிலை எழுதி வைத்தவன் நான்தான்.

மருத்துவர்கள் அன்றிரவே அறுவை செய்தார்கள். மூன்று நாள் முன்னால் வந்திருந்தால் கண் பிழைத்திருக்கும் என்றார்கள். அடியில் ஒரு கீற்று மட்டும் மிஞ்சியது, கதவின் கீழ்ச்சந்து அளவுக்கு.

அஸ்பியோர்ன் அந்த இணையதளத்தைத் தன் கையாலேயே இறக்கினார். துறை விளக்குகள் கிறிஸ்துமஸுக்கு முன்பே திரும்பி வந்தன. அவர் தூர்டிஸிடம் வந்து, "உன் மேல தப்பே இல்ல, நீ சொன்னத நான்தான் கேக்கல" என்றார். நல்ல மனிதர்தான், அழுதார்.

"நீ சொன்ன மாதிரியே விட்டிருந்தா அவருக்குச் சாம்பல் திரை வந்திருக்கும்" என்றாள் அவள். "எதுவும் வேலை செய்யலன்னு மொத நாளே தெரிஞ்சிருக்கும். கூரை மேல ஏறித் துணியக் கட்டியிருப்பார், தீ மூட்டியிருப்பார். கண்ணு அப்ப தெரிஞ்சுது. நான் எழுதின நன்றிய நம்பி அஞ்சு நாளு நின்னார். விதிப்படி எழுதினேன். ஒரு பிழை இல்லாம எழுதினேன்."

அந்த இணையதளம் ஓடிய நாலு வாரத்து வரிகளை அவள் முழுக்கப் படித்தாள். நன்றிப் பக்கம் போய், ஆர்டர் வராதவர்கள் இன்னும் பதினாறு பேர். எட்டுத் துறைகள். பெயர் கிடையாது. நாங்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். ஒன்பது பேர் கிடைத்தார்கள். படகு வராததால் அயலார் படகில் போனோம் என்றார்கள். மிச்சம் ஏழு பேர் யார், எதற்காகப் படகு கேட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. அதை விசாரிக்கும்போதுதான் வேறு இரண்டு கேப்டன்கள், ரொம்பத் தயங்கி, தாங்களும் ஒரு துறையில் எதையோ பார்த்ததாகச் சொன்னார்கள். பட்டியலில் இல்லை என்பதால் வெளியே சொல்லவில்லையாம்.

தூர்டிஸ் அடுத்த ஏப்ரலில் வேலையை விட்டாள். இப்போது காது கேளாதவர் பள்ளியில் கணினி வகுப்பு எடுக்கிறாள், கைமொழி கற்றுக்கொண்டாள் என்று கேள்வி. நான் அதே மேஜையில்தான் இருக்கிறேன். ஆனால் அவள் போவதற்கு முன்னால் ஒரு நாள், டிசம்பர் முதல் வாரம், நாங்கள் இரண்டு பேரும் பெர்கனுக்கு எய்லர்டைப் பார்க்கப் போனோம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கைமொழி பார்க்கக் கண் போதாது. தாளுக்கு ஓர் எழுத்து என்று தடித்த பேனாவால் பெரிதாக எழுதி, கன்னத்துக்குக் கீழே பிடிக்க வேண்டும். அந்தக் கீற்றுக்குள் வரும்படி தலையைப் பின்னால் சாய்த்து ஒவ்வொன்றாகப் படிப்பான். பதிலுக்குப் பேசுவான். தன் குரல் தனக்கே கேட்காதவர்களின் குரல், ஏற்ற இறக்கம் இல்லாதது. தூர்டிஸ் நடந்ததை எழுதிச் சொல்ல முக்கால் மணி நேரம் ஆனது. தான் எழுதிய நன்றியைப் பற்றியும் எழுதினாள். தரை முழுக்கத் தாள்.

அவன் கடைசித் தாளைப் படித்து முடித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"மூணாவது நாளு எனக்கு வேற மாதிரி தோணிச்சு. தினம் கேக்கறேன், வருவோம்னு சொல்லுது. தினம் நிக்கறேன், என் மேல வெளிச்சத்த அடிச்சுட்டுத் தாண்டிப் போகுது. ஒருவேளை நானும் அப்பா மாதிரி வழுக்கி விழுந்துட்டேனோ, விழுந்தது எனக்குத்தான் தெரியலயோன்னு. வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பாத்தேன். கண்ணாடியிலயும் கறுப்பாத்தான் இருந்துச்சு."

கையை நீட்டித் தூர்டிஸின் முழங்கையைத் தேடிப் பிடித்தான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. படகுல இருந்தவங்க என்னைப் பாத்தாங்களா?"

தூர்டிஸ் பேனாவை என்னிடம் நீட்டினாள். நியாயம்தான், அந்தப் பதில் என்னுடையது. எங்கள் மொழியில் ஆமாம் என்பதற்கு இரண்டே எழுத்து. இரண்டு தாள் எடுத்து எழுதி, ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தேன். அவன் தலையைச் சாய்த்து இரண்டையும் படித்தான்.

அவன் முகம் அப்படியே மலர்ந்தது. வாய்விட்டுச் சிரித்தான். "அப்ப நான் உயிரோடதான் இருந்திருக்கேன்" என்றான். இரண்டு தாளையும் என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துத் தடவினான்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சிரிப்பு நின்றது. எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"அப்பறம் ஏன் நிக்கல?"

பேனா என் கையில்தான் இருந்தது. மேஜையில் இன்னும் நிறையத் தாள் இருந்தது.